உருவம் மாறினால் உறவு மாறுமோ?

பெங்களூரு அல்சூர் ஏரியின் அருகே, திருவள்ளுவர் சிலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஒரு வீடு உள்ளது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவ்வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. வழக்காடியோர், பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் அண்ணனும் எட்டாம் வகுப்பில் பயிலும் தங்கையும் ஆவர். நடுவர் அவர்தம் தாத்தா. வழக்கின் பொருள் நிலமும் அன்று, பொன்னும் அன்று. ஒரு படக்கதை வீரன்!

ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ ஆகிய இருவரும் 1962இல் படைத்த சிலந்தி மனிதனை அறியாத சிறார் இலர். 2004இல் அவ்வீரனுக்கு ஓர் இந்தியப் பிறப்பு வாய்த்தது. பீட்டர் பார்க்கர், பவித்ர பிரபாகர் ஆனான். பெங்களூரு ஓவியர் ஜீவன் ஜே. காங் அவனுக்கு வேட்டி உடுத்தினார். சிற்றூரிலிருந்து கல்வி உதவி பெற்று மும்பைக்கு வரும் அவ்வேழைச் சிறுவனைப் பள்ளித் தோழர் எள்ளுகின்றனர். யோகி ஒருவர் அவனுக்கு ஆற்றல் அருளுகிறார்.

அதே பவித்ரன் 2023இல் 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' திரைப்படத்தில் தோன்றினான். மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த 'மும்பாட்டன்' நகரில் அவன் பறந்து திரிகிறான். முகமூடிக்கு மேலே கருங்கூந்தல் அலைபாய்கிறது; கைகளில் வளைகள் மின்னுகின்றன. தமிழும் கன்னடமும் உள்ளிட்ட பத்து மொழிகளில் அப்படம் இந்தியாவில் வெளியாயிற்று.

"இவன் அவன் அல்லன்! எல்லாம் தனக்கு எளிதாக வாய்க்கிறது என்று சிரிக்கிறானே! ஊரார் எள்ளியபோதும் தளராது நின்றவன் எங்கே?" என்று அண்ணன் சினந்தான்.

"நம் நாட்டு வீரன் என்றால் எப்போதும் அழுதுகொண்டே இருக்க வேண்டுமா? 'சாய்' என்றாலே தேநீர்தான் என்று அயல்நாட்டு நண்பனுக்கே அவன் பாடம் சொன்னபோது அரங்கே சிரித்ததே, அண்ணா!" என்றாள் தங்கை.

சொல் வளர்ந்தது, இரு நாள் இருவரும் பேசவில்லை. மூன்றாம் நாள் தாத்தா தம் பழைய பெட்டியைத் திறந்து, பழுப்பேறிய நூலொன்றை எடுத்தார்.

"இவன் இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும்; இரும்புக்கை மட்டும் தெரியும். 1962இல் பிரிட்டனில் பிறந்தபோது இவன் பெயர் லூயிஸ் கிராண்டெல். சிவகாசியில் அச்சேறித் தமிழ் பேசியபோது இவனை நாங்கள் அயலான் என்று எண்ணவே இல்லை."

சற்று நிறுத்தித் தொடர்ந்தார். "வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரோ, அவன் அவளைத் தீண்டாமல் குடிலை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் சென்றதாகப் பாடினார். தம் மக்களின் உள்ளம் அறிந்து மாற்றினார். ஆகவே, மாற்றலாமா என்று பூசலிட வேண்டா. எதன்பொருட்டு மாற்றினர், அதனால் பெற்றது எது, இழந்தது எது என்று கேளுங்கள்."

அன்றிரவு அண்ணன், சர்ச் தெருப் பழைய புத்தகக் கடையில் முன்பு வாங்கிய பவித்ரனின் கதைநூலைத் தங்கையிடம் தந்தான். படித்து முடித்தவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். கிருஷ்ணகிரியை அடுத்த சிற்றூரிலிருந்து அக்குடும்பம் இந்நகருக்கு வந்தபோது அவள் முதல் வகுப்பு. அவன் ஐந்தாம் வகுப்பு.

"அண்ணா, உன்னையும் இப்படி எள்ளினார்களா?"

அவன் உடனே விடை கூறவில்லை. பின்னர், எவரிடமும் சொல்லாத அவ்வாண்டின் கதையை மெல்லச் சொல்லத் தொடங்கினான். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். மறுவாரம் இருவரும் சேர்ந்து அத்திரைப்படத்தை மீண்டும் கண்டனர். தேநீர்க் காட்சியில் அவனும் சிரித்தான். ஆயினும் தன் வழக்கை அவன் கைவிடவில்லை.

ஒரு கதைமாந்தனுக்காக ஒருவர் கடிந்து வாதிடும்போது, அவ்வாதத்தினுள் அவர்தம் வாழ்வின் ஒரு பகுதியும் மறைந்திருக்கக்கூடும். அதனைக் கேட்டறிதல் வாதில் வெல்வதினும் நன்று.

சொற்பொருள்

எள்ளுதல் – இகழ்தல். பூசல் – சண்டை. குடில் – சிறுவீடு. வான்மீகம் – வால்மீகி இயற்றிய இராமாயணம்.

சிந்தித்து விடை எழுதுக

1. கம்பர் செய்த மாற்றம் யாது? அதனைத் தாத்தா எடுத்துக்காட்டியது ஏன்?
2. அண்ணன் பழைய பவித்ரனை விரும்பியதன் காரணம் யாது?
3. நீங்கள் படித்த கதை ஒன்று திரைப்படமானபோது பெற்றதும் இழந்ததும் பற்றி ஒரு பத்தி எழுதுக.