வீட்டு வரியும் காணாமப் போன கவுன்சிலரும்

வீட்டு வரி ரசீதைப் பார்த்துட்டு அப்பா கேட்டார்: "தண்ணிக்கும் குப்பைக்கும் தனியா காசு வாங்குறாங்க. அப்ப இது எதுக்குடா?"

தெருவிளக்கு, சாக்கடை, சம்பளம் எல்லாத்துக்கும்தான். 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்வு அறிவிச்சாங்க. நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1800க்கு மேல 100 சதவீதம். விலைவாசியைப் பார்த்தா உயர்வைக்கூட ஏத்துக்கலாம்.

உறுத்துறது வேற. 2016 அக்டோபர்ல இருந்து 2022 தேர்தல் வரைக்கும் கவுன்சிலரே கிடையாது. தனி அதிகாரிதான். பட்ஜெட் போடுறதும் அவரே, ஒப்புதல் தர்றதும் அவரே. புரோகிராம் எழுதுனவனே டெஸ்டிங்கும் பண்ற கதை! வரி மட்டும் நிக்கல.

கவுன்சிலர் எப்படிப்பட்டவரா இருந்தாலும், சாக்கடை அடைச்சா அவர் வாசல்ல போய் நின்னு கேக்கலாம். அதுக்காகவாவது உள்ளாட்சித் தேர்தல் நேரத்துக்கு நடக்கணும். என்ன சொல்றீங்க மக்களே?