காட்டுக்குள் 99 குதங்கள்

திருகோணமலையின் உப்புவெளிக்கு வருகிறவர்கள் கடலுக்காக வருகிறார்கள். முழங்கால் ஆழத்தில் நின்றால் பாதம் தெரியும் அளவுக்குத் தெளிந்த நீர். நான் அங்கே தங்கியதற்கு வேறொரு காரணம் இருந்தது. ஆசியாவின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றைச் சுற்றி வளர்ந்த தொழில் பகுதியைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

நிலாவெளி வீதியோரத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல் வெட்டி, பூச்செடி வைத்து இன்றும் பராமரிக்கிறார்கள். எங்கெங்கோ பிறந்த இளைஞர்கள் இந்த மணலில் வந்து உறங்குவது ஏன் என்ற கேள்விக்கு விடை, துறைமுகத்தின் மறுபக்கத்தில், சீனன்குடாவில் இருக்கிறது.

நகருக்குள் போய்க் கண்டி வீதியைப் பிடித்தோம். ஆட்டோ ஓட்டிய தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார்: “உள்ளுக்கு விடமாட்டினம் அண்ணை, வெளியாலதான் பாக்கலாம்.” வெளியிலிருந்து பார்த்ததே போதுமானதாக இருந்தது. அடர்ந்த காட்டுக்குள், மரங்களுக்கு மேலே துருவேறிய இரும்பு விளிம்புகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீட்டர் எண்ணெய் கொள்ளும் குதம். இப்படி 99 நிற்கின்றன.

முதல் உலகப் போருக்கு முன்பே பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறத் தொடங்கியிருந்தது. கிழக்கே போகும் கப்பல்களுக்கு வழியில் எரிபொருள் தேவைப்பட்டது. 1920களில் தொடங்கிக் காட்டை வெட்டி இவற்றைக் கட்டினார்கள். மரங்களின் மறைவில் இவை வானிலிருந்து பார்க்கும் கண்ணுக்கும் தப்பும் என்று நம்பினார்கள். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்தன. ஒரு விமானம் மூன்று வீரர்களோடு குதம் ஒன்றின் மீதே பாய்ந்தது. பல நாள் அணையாமல் எரிந்தது அந்தத் தீ. முந்தைய இரவே துறைமுகத்தை விட்டு விலகிச் சென்ற ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இந்தக் குடாவுக்கான போட்டி அதற்கும் வெகு முந்தையது. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். 1782 என்ற ஒரே ஆண்டில் அந்தக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. 1795இல் திரும்பி வந்த ஆங்கிலேயர், இலங்கை சுதந்திரம் பெற்ற பிறகும் கடற்படைத் தளத்தை வைத்திருந்து 1957இல்தான் ஒப்படைத்தார்கள்.

அதன் பின் சீனன்குடா வேறு முகம் கொண்டது. சிங்கப்பூர் முதலீட்டில் பிறிமா மாவாலை வந்தது. சீமெந்து ஆலை வந்தது. இலங்கையில் பாண் என்ற ரொட்டியைச் சாப்பிடும் பல வீடுகளுக்கும் இந்தக் கரையோடு தொடர்பு உண்டு. குதங்கள் மட்டும் பெரும்பாலும் வெறுமையாகவே நின்றன. 1987 இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் அவற்றைக் கூட்டாகச் சீரமைப்பது ஒரு வாக்குறுதி. 2003இல் இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனம் ஒரு பகுதியைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2022 ஜனவரியில்தான் முழுப் பங்கீடு முடிவானது: 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு.

இடைப்பட்ட காலத்தில் இந்த மண் பட்டது கொஞ்சமல்ல. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என யாருமே பாதியைத் தாண்டாத மாவட்டம் இது. திருகோணமலை நகரம் இணைந்த வடக்கு-கிழக்கு மாகாணத்தின் தலைநகராக இருந்தது. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த இணைப்பையே செல்லாது என்றது. அதே ஆண்டு உள்நாட்டுப் போரில் குடாவின் தென்கரையில் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அவர்களின் நிலத்தில் பெருந்தொழில் திட்டங்கள் வரைபடமாயின. ஊர் திரும்பப் பலருக்கு ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆயின.

இந்தத் துறைமுகத்தைப் பற்றிய தீர்மானங்களை லிஸ்பன், ஆம்ஸ்டர்டாம், லண்டன், டோக்கியோ, டெல்லி, கொழும்பு எல்லாம் எடுத்திருக்கின்றன. மூதூரின் மீனவரையோ சம்பூரின் விவசாயியையோ யாரும் கேட்டதில்லை. குழாய்வழி, எரிசக்தி மையம் என்று புதிய பேச்சுகள் தொடங்கியிருக்கும் இந்நாளில், அந்த மேசையில் முதல் நாற்காலி இம்மாவட்டத்து மக்களுக்கே உரியது. கோணேசரைக் கும்பிடத் திருகோணமலைக்குப் போகும் தமிழகத்து அன்பர்கள் அரைநாள் ஒதுக்கிச் சீனன்குடாவுக்கும் போய்வர வேண்டும். அந்தக் குதங்களில் நம் நாட்டுக்கும் பங்கிருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது.