எந்த உள்ளான்?

கரைப்பறவை பார்க்க வேண்டுமென்றால் மன்னாருக்கோ யாழ்ப்பாணக் களப்புக்கோ போகச் சொல்வார்கள். அங்கே கூட்டம் ஆயிரக்கணக்கில் இறங்கும். அதில் முக்கால்வாசி ஒரே சாம்பல், ஒரே பழுப்பு. கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்கும் புதியவருக்குத் தலை சுற்றிவிடும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா மலைகளில் அந்தத் திணறல் இல்லை. கரை செங்குத்து, சேறு குறைவு, வரும் இனங்களும் குறைவு. ஆனால் அந்த நாலைந்தும் ஒரே சாயலில் இருந்து ஆளைச் சோதிக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியப் பழக மலைநாட்டைவிட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம்.

காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் இரண்டும் 1960களில் மின்சாரத்துக்காக எழுந்தவை. தென்மேற்குப் பருவமழையில் நிரம்பும். ஜனவரி தொடங்கி மார்ச் வரை இறங்கும். மவுசாக்கலை நன்றாக வற்றும் ஆண்டுகளில், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் வழிபாட்டிடங்கள் தலைகாட்டும். ஊரே அதைப் பார்க்கத் திரண்டு வரும். நான் அந்தச் சுவர்களுக்குக் கீழே படிந்திருக்கும் ஈரச் சேற்றைப் பார்ப்பேன். செப்டெம்பர், ஒக்டோபரில் வடக்கேயிருந்து வந்து ஏப்ரல் வாக்கில் திரும்பும் உள்ளான்களுக்கு இரை அங்கேதான்.

முதலில் கண்ணில் படுவது ஆற்று உள்ளான், கொமன் சாண்ட்பைப்பர். இதற்கு நிறத்தைப் பார்க்கவே தேவையில்லை. நின்றாலும் நடந்தாலும் பின்பாகம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். கிளப்பினால் உயரப் போகாது. நீருக்கு மேலே தாழ்வாக, இறகை வெடுக் வெடுக்கென்று அடித்து, நடுவில் கொஞ்சம் விறைத்து மிதந்து, சற்றுத் தள்ளி அதே கரையில் இறங்கிவிடும். பறக்கும்போது இறக்கையில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். உட்கார்ந்திருந்தால் மார்புக்கும் இறக்கை வளைவுக்கும் இடையே வெள்ளை ஆப்பு வடிவில் மேலேறியிருக்கும். அதே ஓடையில் வாலாட்டியும் ஆடும். ஆனால் அதன் வால் நீளம், வயிறு மஞ்சள். குழப்பம் நீடிக்காது.

சிக்கல் அடுத்த இரண்டில். பச்சை உள்ளான் என்பது கிரீன் சாண்ட்பைப்பர். பொறி உள்ளான் என்பது வூட் சாண்ட்பைப்பர். இரண்டுக்கும் முதுகில் புள்ளி உண்டு, இடுப்பு வெள்ளை, இறக்கையில் கோடு இல்லை. பச்சை உள்ளானின் முதுகு ஏறக்குறைய கறுப்பு, கால் மங்கிய பச்சை. கண்ணுக்கு முன்னால் மட்டும் ஒரு வெள்ளைக் கீற்று இருக்கும். பொறி உள்ளானின் முதுகு வெளிறிய பழுப்பு, புள்ளிகள் பெரியவை, கால் நீளம், மஞ்சள் சாயல், புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும். எழும்பும் கணத்தில் இறக்கையின் அடிப்பக்கத்தைப் பிடித்துவிட்டால் வழக்கு முடிந்தது: பச்சை உள்ளானுக்கு அது கறுப்பு, பொறி உள்ளானுக்கு வெளுப்பு.

இடமும் சாட்சி சொல்லும். பச்சை உள்ளான் தனியாள். மரநிழல் விழுந்த ஓடை, தேயிலை மலைக்குள் வெட்டிய கான், லயத்துக் குழாயடியிலிருந்து வழியும் தண்ணீர் தேங்கிய பள்ளம் என்று ஒடுங்கிய இடங்களை விரும்பும். பொறி உள்ளானுக்குத் திறந்தவெளி வேண்டும். பள்ளத்தாக்கு வயல்களில் சிறு கூட்டமாகவும் மேயும். வடக்கே தன் சொந்தக் காட்டில் பச்சை உள்ளான் மரத்தில், வேறு பறவை கைவிட்ட பழைய கூட்டில் முட்டையிடுவது. நிழலைத் தேடும் அதன் குணத்தை அறிய அது ஒன்றே போதும்.

ஒரு நாள் கானோரம் தொலைநோக்கியோடு நின்றபோது, கொழுந்துக்கூடையோடு இறங்கி வந்த அக்கா ஒருவர் கேட்டார்: "என்னா தம்பி, பின்னாடிய ஆட்டிக்கிட்டே திரியுமே, அதையா பாக்குறீங்க?"

"இல்லக்கா, அதே மாதிரி இன்னொண்ணு. கொஞ்சம் கறுப்பா இருக்கும்."

"ஓ, கத்திக்கிட்டே நேரா மேல ஏறுமே, அதுவா? அது வேற. அது ஒத்தையாத்தான் வரும்."

கையேடு அரைப் பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். இரண்டு இலையும் ஒரு அரும்பும் எது, முற்றிய இலை எது என்று கை ஓடும் வேகத்திலேயே பிரிக்கிற கண் அது. பறவையிலும் அது முதலில் பிடிப்பது நடையையும் குரலையும்தான்.

நிறத்தை நம்பக் கூடாததற்குக் காரணமும் உண்டு. இறகில் கறுப்பு நிறமி உள்ள பகுதி உறுதியானது. வெள்ளை விளிம்பு சீக்கிரம் தேயும். ஒக்டோபரில் புள்ளி புள்ளியாகப் பளிச்சென்று வந்த இளம்பறவையின் முதுகு, மார்ச்சில் அந்தப் புள்ளிகள் உதிர்ந்து ஒரே பழுப்பாகிவிடும். இதோடு மலைநாட்டு மூடுபனியும் சேர்ந்தால் மஞ்சள் கால் சாம்பலாகும், பழுப்பு முதுகு கறுப்பாகும். நடையும் குரலும் எந்த மாதத்திலும் தேய்வதில்லை.

ஆனால் எல்லா உள்ளானையும் அப்படிக் கண்டுபிடித்துவிட முடியாது. நுவரெலியாவில் லீக்ஸ், கரட் பாத்திகளின் சதசதத்த ஓரத்திலும் சதுப்புப் புல்லிலும் நடந்தால், காலடியிலிருந்து நீண்ட அலகோடு ஒன்று திடீரெனக் கிளம்பும். பெரும்பாலும் அது ஊசிவால் உள்ளான், பின்டெயில் ஸ்னைப். அதன் நெருங்கிய உறவான கொமன் ஸ்னைப்புக்கு இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு தெளிவாக இருக்கும். ஊசிவாலுக்கு அது இல்லையென்றே சொல்லலாம். ஹோர்ட்டன் சமவெளிப் புல்வெளிகளில் மிக அரிதாகக் காணப்படும் வூட் ஸ்னைப் இமயமலையிலிருந்து வருவது; உலக அளவில் அழியும் ஆபத்திலுள்ள இனம். கரிய உடல், அகன்ற இறக்கை, கனத்த மெதுவான பறப்பு, வயிறு முழுக்க வரி. அதையும் பிரிக்கலாம்.

ஸ்வின்ஹோஸ் ஸ்னைப் வந்தால்தான் கை கட்டிக்கொள்ள வேண்டும். ஊசிவாலுக்கும் அதற்கும் உறுதியான வேறுபாடு வால் இறகில்தான். கொமன் ஸ்னைப்புக்கு வழக்கமாக 14 வால் இறகு, ஸ்வின்ஹோவுக்கு ஏறத்தாழ 20, ஊசிவாலுக்கு வழக்கமாக 26. ஊசிவாலின் ஓரத்து இறகுகள் குண்டூசியாக மெலிந்திருக்கும். பறந்து மறையும் பறவையின் வாலில் இதை யார் எண்ணுவது? இறகு கோதும்போது வாலை விரிக்கும் ஒரு நொடியைக் கமரா பிடித்தால் உண்டு.

1878 முதல் 1880 வரை இலங்கைப் பறவைகளின் வரலாற்றை வெளியிட்ட லெக் காலத்தில் இந்தக் கஷ்டம் இல்லை. அன்று துப்பாக்கிதான் தொலைநோக்கி. சுட்டு விழுந்ததன் வாலை ஆற அமர எண்ணலாம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஜி. எம். ஹென்றி 1955இல் எழுதிய கையேடு, உயிரோடு இருக்கும் பறவையை அதன் பழக்கத்தோடு பார்க்கச் சொல்லிக் கொடுத்தது. பறவையைக் கொல்லாமல் அறிவதென்றால், சிலவற்றை அறியாமலே விடவும் சம்மதிக்க வேண்டும். இது நல்ல பேரம் என்றே நான் சொல்வேன்.

ஆகவே தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒக்டோபர் வந்ததும் ஒரு கொப்பியோடு பக்கத்து ஓடைக்குப் போங்கள். நாள், இடம், ஆட்டம், குரல், எழும்பும்போது தெரிந்த வெள்ளை, இறக்கையின் அடி என்ற வரிசையில் எழுதுங்கள். நிறம் கடைசியில் வரட்டும். முடிவு தெரியாவிட்டால் ஊகித்து ஒரு பெயர் எழுதாதீர்கள். ‘உள்ளான், இனம் உறுதியில்லை’ என்பதும் முழுமையான பதிவுதான். தவறான பெயரைவிட அது பல மடங்கு பயன்படும்.