பிணைப்பும் விடுப்பும்

பற்றிக் கொள்ளுதல் எளிது. தக்க தருணத்தில் விட்டுவிடுதலே அரிது. இதனை நாம் வகுப்பறையிற் பலமுறை மாணவருக்கு எடுத்துக் கூறியிருக்கிறோம். ஆயினும் அதன் பொருளை நாமே ஐயமறக் கற்றுக்கொண்டது சுவிற்சர்லாந்து தேசத்திலே, பனிச்சறுக்குக் கருவிகள் விற்கும் ஒரு கடையில் என்றால் வாசகர் நகைக்கக்கூடும்.

2023ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், பேர்ண் நகரிலுள்ள எமது தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தோம். அவர் அந்நாட்டிற் குடியேறி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகின்றன. மகன் அங்கேயே பிறந்தவன்; இருபத்திரண்டு வயதினன். நாம் பனையும் வெயிலும் கண்டு வளர்ந்ததுபோல், அவன் மலையும் பனியும் கண்டு வளர்ந்தவன். மாரிகாலத்து வார இறுதிகளில் கிறின்டல்வால்ட் முதலிய மலையூர்களுக்குச் சென்று, கம்பியிற் செல்லும் ஊர்தியில் உச்சியை அடைந்து, செப்பனிட்ட பனித்தடங்களிற் சறுக்கி இறங்குவான். இதனைத் தமக்கையார் ஒருவாறு பொறுத்துக்கொண்டார்.

இப்பொழுதோ அவனுக்கு வேறொரு வேட்கை பிறந்திருந்தது. ஊர்தியின் உதவியின்றித் தன் காலாலேயே மலையேறி, தடமில்லாத பனியிற் சறுக்கி இறங்க வேண்டும் என்பதே அது. முந்திய மாரியில் வாடகைக் கருவிகளுடன் இரண்டு நாட்கள் சென்றும் வந்துவிட்டான். இம்முறை சொந்தமாக வாங்கப் பணமும் சேர்த்திருந்தான்.

"தம்பி, நீ வாத்தியார். நீ சொன்னால் கேப்பான். எப்பிடியெண்டாலும் மறிச்சுப்போடு" என்று தமக்கையார் எம்மைப் பணித்தார். மறிக்கும் எண்ணத்துடனேயே நாமும் அவனோடு கடைக்குச் சென்றோம்.

சப்பாத்தைச் சறுக்குப் பலகையோடு இணைக்கும் கருவியை 'பைண்டிங்' என்பர்; நாம் பிணைப்பு என்று கூறுவோம். தடத்திற் சறுக்குபவரின் பிணைப்பு, சப்பாத்தின் முனையையும் குதியையும் இறுகப் பற்றும். விழும்பொழுது விசை அளவு கடந்தால், முனை பக்கவாட்டிலும் குதி மேல்நோக்கியும் தாமே விடுபடும். விடுபடாவிடின் முறிவது காலெலும்பு. மலையேறுபவனுக்கு இன்னொரு தேவையும் உண்டு. ஏறும்பொழுது குதி உயர்ந்து தாழ வேண்டும். இறங்கும்பொழுது மீண்டும் பூட்டப்பட வேண்டும்.

கடைக்காரர் நரைத்த தாடியுடைய முதியவர். மூன்று வகைப் பிணைப்புகளை மேசைமேல் வைத்தார். அவர் ஜெர்மன் மொழியிற் கூறியதை மருமகன் எமக்குத் தமிழாக்கினான்.

முதலாவது சட்டகப் பிணைப்பு. தடத்துக்குரிய பிணைப்பையே ஒரு சட்டகத்தின்மீது ஏற்றியது. சாதாரணச் சப்பாத்துக்கும் பொருந்தும். ஆனால் ஒன்றின் எடையே ஒரு கிலோவுக்கு மேல். ஏறுகையில் ஒவ்வோர் அடியிலும் அதன் பெரும்பகுதியைக் குதியோடு தூக்க வேண்டும்.

இரண்டாவது ஊசிப் பிணைப்பு. 1980களில் ஒஸ்திரியரான பிரிட்ஸ் பார்தெல் கண்ட முறை. சப்பாத்து முனையின் இரு பக்கத்திலும் உள்ள உலோகக் குழிகளில் இரு ஊசிமுனைகள் பொருந்தும். குதி மட்டுமே உயரும். இவற்றுள் முந்நூறு கிராம் அளவிலான இலேசானவையும் உண்டு. மருமகனின் கண் அதிலேயே நின்றது. "என்ரை சிநேகிதர் எல்லாரும் இதுதான் மாமா" என்றான்.

மூன்றாவது இரண்டுங் கலந்தது. ஏறுகையில் ஊசி, இறங்குகையில் அதன் முனைப்பகுதியை மாற்றினால் தடத்துப் பிணைப்பைப்போலவே பற்றும், விடும். சலமன், அற்றோமிக் நிறுவனங்கள் 2018இல் வெளியிட்ட 'ஷிப்ட்' இவ்வகையினது. ஏறத்தாழ தொள்ளாயிரம் கிராம்.

முதியவர் எதனையும் புகழவில்லை. "சென்ற மாரியில் எத்தனை நாள் சறுக்கினாய்?" என்று கேட்டார்.

"பதினைந்து."

"நடந்து ஏறியவை?"

"இரண்டு."

"அப்படியாயின் மற்றைப் பதின்மூன்று நாட்களையும் மறந்து வாங்காதே."

காரணத்தையும் விளக்கினார். செப்பனிட்ட தடம் கடினமானது, வேகம் மிகுதி, அதிர்ச்சி ஓயாது. இலேசான ஊசிப் பிணைப்பின் முனைப்பகுதி அதிர்ச்சியைத் தாங்கி வளைந்து கொடுப்பது குறைவு. மேலும், ஏறும்பொழுது கழலாதிருக்க அதன் முனையை ஒரு நெம்பினாற் பூட்டுவர். பூட்டிய நிலையில் அது விடாது. இறங்குமுன் திறக்க மறந்தால் விழுந்தவன் கதி என்னாகும்? பனிச்சரிவில் அகப்பட்டவனையும், கழலாத பலகைகள் நங்கூரம்போற் பனிக்குள்ளே இழுக்கும். தேர்ந்தவர்கள் இவற்றை அறிந்தே இலேசானதை விரும்புகின்றனர். புதியவனுக்கு அது முறையன்று என்றார்.

மருமகன் நெடுநேரம் சிந்தித்துக் கலப்புப் பிணைப்பையே தெரிந்தான். முதியவர் அவனது சப்பாத்தை வாங்கி, முனையில் உலோகக் குழிகள் இருக்கின்றனவா, அடித்தோல் இப்பிணைப்புக்கு ஏற்றதா என்று பார்த்தார். இருந்தன, ஏற்றதே. பின்னர் ஒரு படிவத்தை நீட்டினார். எடை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டே எவ்வளவு விசையிற் பிணைப்பு விடவேண்டும் என்று கணிக்கப்படும். திறனில் மூன்று வகைகள்: அடக்கமாகச் சறுக்குபவர், இடைத்தரத்தினர், வேகமும் துணிவும் மிக்கவர்.

மருமகன் சற்றும் தயங்காது மூன்றாவதற்கு அடையாளமிட்டான்.

அதுவரை வாளாவிருந்த நாம் அப்பொழுதுதான் வாய் திறந்தோம். "மூன்றாவதென்றால் என்ன ஆகும் என்று அவரிடம் கேள்" என்றோம். பிணைப்பு இன்னும் இறுகும், விழும்பொழுது விடத் தாமதிக்கும் என்று விடை வந்தது.

"தம்பி, பரீட்சைத் தாளில் தனக்குத் தானே புள்ளியிடுபவன் ஆசிரியரை ஏமாற்றலாம். இங்கே ஏமாறப் போவது உன் முழங்கால். நீ யார் என்று இந்தக் கருவிக்கு உண்மை சொல்" என்றோம்.

அவன் முகஞ் சிவந்தான். பின்னர் அடித்துவிட்டு இரண்டாவதற்கு அடையாளமிட்டான். முதியவருக்குத் தமிழ் தெரியாது. எனினும் எம்மைப் பார்த்துத் தலையசைத்தார்.

புறப்படுமுன், பனியில் புதைந்தவரைத் தேடும் சமிக்ஞைக் கருவி, நீண்ட ஆய்வுகோல், சவல் ஆகிய மூன்றையும் வாங்கினான். புதைந்தவரை முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் எடுத்தாலே உயிர்பிழைக்கும் வாய்ப்பு மிகுதியாம். பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பொன்றிலும் பெயர் பதிவு செய்தான்.

வீட்டிலே தமக்கையார், "மறிச்சனியோ?" என்றார்.

"இல்லை அக்கா. பொய் சொல்லாமல் வாங்கப் பண்ணினேன்" என்றோம். அவர் அன்றிரவு எம்மோடு பேசவில்லை.

வகுப்பு முடிந்து, நாம் ஊர் திரும்புவதற்கு முந்திய சனிக்கிழமை முதற் பயணம் என்று குறித்திருந்தான். அந்நாட்டில் மாரிகாலத்திலே டாவோஸ் நகரத்துப் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் மாலை ஐந்து மணிக்கு எச்சரிக்கை அறிக்கை வெளியிடும். ஆபத்து ஐந்து படிகளாகக் கூறப்படும். வெள்ளி மாலை தாயும் மகனும் அருகருகே இருந்து அதனைப் பார்த்தனர். அவன் ஏறவிருந்த சரிவுக்கு மூன்றாம் படி.

அவன் நண்பர்களை அழைத்து, "நான் வரேல்லை" என்றான். மறுநாள் அதே பலகைகளோடு, அதே பிணைப்போடு கிறின்டல்வால்ட் தடத்திற்குச் சென்றான். தமக்கையார் அதிகாலையில் எழுந்து அவனுக்கு இடியப்பம் அவித்துக் கட்டிக்கொடுத்தார். வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தவர் எம்மிடம், "அடுத்த கிழமை போகட்டும்" என்றார்.