சித்தியின் பேட்ஜ்

ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் என் சித்தி எக்ஸ்ரே டெக்னீஷியன். வேலையில் இருக்கும்போது கோட்டில் எப்பவும் ஒரு பிளாஸ்டிக் பேட்ஜ் குத்தியிருக்கும். ரொம்ப நாள் அதை ஐடி கார்டுன்னுதான் நினைச்சிருந்தேன்.

போன செமஸ்டர் மெட்டீரியல்ஸ் சயின்ஸில் படிகக் குறைகள் பாடம். மாசுன்னா கெட்டதுங்கிற எண்ணத்தோடதான் போய் உட்கார்ந்தேன். லென்ஸுக்கு அது சரிதான். கேனான் கம்பெனி 1969இல் செயற்கை கால்சியம் ஃபுளூரைடு படிகத்தில் லென்ஸ் போட்டு விற்றது. அந்தப் படிகத்தை வளர்க்கும்போது கொஞ்சம் ஈரம் புகுந்தாலும் ஆக்ஸிஜன் உள்ளே போய் ஒளியைக் கெடுத்துவிடும். அதனால் ஈய ஃபுளூரைடு சேர்த்து உருக்குவார்கள். அது ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு ஆவியாகப் போய்விடும்.

லித்தியம் ஃபுளூரைடு விஷயத்தில் கதை தலைகீழ். 1950களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபேரிங்டன் டேனியல்ஸ் இதை வைத்துக் கதிர்வீச்சை அளந்து பார்த்தார். பிறகு அங்கேயே ஜான் கேமரூன் குழுவினர் தொடர்ந்தார்கள். இதில் வேலை செய்வது மாசுதான்: பத்து லட்சத்தில் சுமார் 200 பங்கு மெக்னீசியம், 10 பங்கு டைட்டானியம்.

லித்தியத்துக்கு ஒரு மின்சுமை, மெக்னீசியத்துக்கு இரண்டு. கணக்கு சரியாக, பக்கத்தில் ஒரு லித்தியம் இடம் காலியாகும். காலியிடங்கள் கூடினால் அயனிகள் நகர்வது சுலபமாகி மின்கடத்தல் கூடும், படிகமும் கெட்டியாகும். நமக்கு முக்கியமானது வேற. கதிர் பட்டு விடுபடும் எலக்ட்ரான்கள் இந்த மெக்னீசியம் இருக்கும் இடங்களில் மாட்டிக்கொள்ளும். மாசக்கணக்கில் அப்படியே கிடக்கும். சுமார் 200 டிகிரிக்குச் சூடாக்கினால் விடுபட்டு, டைட்டானியம் இருக்கும் இடத்தில் நீல ஒளியாக வெளியே வரும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு கதிர். அளவு மட்டும் சரியா இருந்தா போதாது. ஆறவிடும் வேகம் மாறினாலே மெக்னீசியம் வேற மாதிரி கூட்டு சேர்ந்துக்கும், ரீடிங் மாறும். அதனால்தான் திரும்பப் பயன்படுத்தும் முன் 400 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள்.

இதையெல்லாம் பெருமையா சித்திகிட்ட சொன்னேன். (நம்ம நாட்டு பேட்ஜில் இருப்பது ஃபுளூரைடு இல்லை, டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட்டுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வேலை செய்யும் விதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.) அவங்க கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"உன் தம்பி வயித்துல மூணு மாசம்டா அப்போ. கோட்டை எக்ஸ்ரே ரூம் உள்ளயே மாட்டிட்டு லீவுல போயிட்டேன். அந்தத் தடவை ரீடிங் அதிகமா வந்துச்சு. விளக்கம் எழுதிக் குடுன்னாங்க. நான் கோட்டை எந்த நாள் மாட்டினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. என் மேல பட்டதா, சுவத்துல தொங்கும்போது பட்டதா?"

"பேட்ஜைத் திரும்பப் படிக்க முடியாதா சித்தி?"

"சூடு பண்ணிட்டாங்களேடா."

எவ்வளவு கதிர் பட்டதுன்னு படிகம் சரியா சொல்லிடுச்சு. அப்போ அதைப் போட்டிருந்தது யாருன்னு அதுக்குத் தெரியாது. தம்பி பொறக்கற வரைக்கும் சரியா தூங்கலைன்னு சொன்னாங்க. அவன் இப்போ நாலாங்கிளாஸ். நாங்க பேசிட்டிருந்தப்போ மாடியில பந்து உதைச்சிட்டிருந்தான்.

இப்பல்லாம் டியூட்டி முடிஞ்சதும் பேட்ஜைக் கழட்டி, ரூமுக்கு வெளியே இருக்கற போர்டுல மாட்டிட்டு, ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டுத்தான் செருப்பு போடுவாங்களாம்.