கமராவுக்கு எது அவசியம்?

பிலிம் சுருளில் 36 படம் எடுத்த காலத்தோடு விட்ட பழக்கத்தை, மலிவான டிஜிட்டல் கமராவொன்றால் மீண்டும் தொடங்கியுள்ளேன். கடைக்காரர் பெரிய பையும் முக்காலியும் காட்டினார். குறிஞ்சிப்பிட்டியில் கமராவுக்கு எதிரி உப்புக்காற்றும் மணலும் அல்லவா? ஆகவே இறுக மூடும் டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், தூசு ஊதும் ரப்பர் பந்து, மேலதிக பெட்டரி ஆகியவற்றையே வாங்கினேன்.

மெமரி கார்ட் வாங்குமுன் கமராவின் கையேட்டைப் பாருங்கள். பழைய கமராக்கள் பல 32 ஜிபிக்கு மேல் ஏற்பதில்லை. இரண்டு கார்ட் வாங்குங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இப்பக்கம் வந்த குடும்பங்கள் பல, கலியாணப் படங்களையும் விட்டுவிட்டே வந்தன. ஆகவே இரண்டாவது கார்டில் படங்களைப் பிரதி செய்து உறவினர் வீட்டில் வையுங்கள். கமரா போனால் இன்னொன்று வாங்கலாம். உம்மாவின் முகத்தை எந்தக் கடையில் வாங்குவது?