மாற வேண்டியவர் யார்?

மூக்கண்டப்பள்ளியின் சிப்காட் ஆலைகளில் இரண்டாம் ஷிப்டு முடிந்து தொழிலாளர் வீடு திரும்பும் வேளை. சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் இரவில் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினார் ஒரு தாய். உடன் இருபத்திரண்டு வயது மகன். "சாமி, இவனுக்குப் பெண்கள் மேல நாட்டமே இல்லையாம். நீங்கதான் செபம் பண்ணி மாத்தணும்" என்று அழுதார். (அம்மகனின் ஒப்புதலோடுதான் இதனை எழுதுகிறோம்.)

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நமக்கு விடை தெரியும் என்றே எண்ணினோம். நவநாள் செபம், நோன்பு, பின்பு எல்லை தாண்டிப் பெங்களூரில் ஓர் ஆலோசகர் என வழி சொன்னோம். "மனம் வைத்தால் மாறலாம், தம்பி" என்றோம். ஆறு மாதங்கள் அனைத்தையும் கீழ்ப்படிந்து செய்தான். ஈர்ப்பு மாறவில்லை. உறக்கம் போயிற்று, பாடகர் குழுவில் ஒலித்த அவன் குரல் நின்றது. ஒரு நாள் வந்து, "இவ்வளவு கேட்டும் தரலியே சாமி, கடவுளுக்கே என்னைப் பிடிக்கல போல" என்றான்.

அதன் பின்னரே நாம் தேடிப் படித்தோம். தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லும், உலக சுகாதார நிறுவனம் 1990-லும் நீக்கியிருந்தன. சிலரால் மாற முடியும் என்று 200 பேரின் வாக்குமூலத்தைக் கொண்டு எழுதிய மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர், அச்சான்று போதாது என 2012-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். செபத்தாலும் ஆலோசனையாலும் மாற்றுவதாகச் சொல்லிவந்த 'எக்ஸோடஸ்' என்னும் அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு, 2013-இல் மன்னிப்புக் கேட்டுத் தன்னைக் கலைத்துக்கொண்டது.

நம் மாநிலத்திலேயே, 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய முயற்சிகளுக்குத் தடை விதித்தார். மறு ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையமும் அவற்றை மருத்துவருக்குரிய ஒழுக்கக்கேடு என அறிவித்தது. ஆயினும் நம்மைத் தலைகுனிய வைத்தது வேறு. தமக்கு இப்பொருளில் போதிய அறிவில்லை என்று அந்நீதிபதி வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்ற பின்னரே தீர்ப்பு எழுதினார். நாமோ ஒரு கேள்வியும் கேளாமல் தீர்ப்புச் சொன்னோம்.

இத்தகையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்கவேண்டும், அநீதியாக ஒதுக்கலாகாது என்பது திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2358. கற்பு வாழ்வுக்கு அது எல்லாரையும் அழைக்கிறது. ஆயினும் ஈர்ப்பையே மாற்றிக்கொள் என்று யாருக்கும் கட்டளையிடவில்லை. அக்கட்டளையை இட்டவர் நாம். கடவுள் தராததை அவர் பெயரால் வாக்களித்தோம். அது நிறைவேறாதபோது, பழி அவ்விளைஞனின் விசுவாசத்தின் மேல் விழுந்தது.

அவன் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். தாய் தேநீர் கொடுத்தார். அவன் வெகுநேரம் பேசவில்லை. இப்போது சில ஞாயிறுகளில் கடைசி வரிசையில் அமர்கிறான். இன்னும் பாடவில்லை.

அன்பு வாசகரே, உங்கள் மகனோ மகளோ இவ்வாறு வந்து நின்றால், மாற்றித் தரும்படி எம்மிடம் அழைத்து வராதீர்கள். முதலில் அருகில் அமர்ந்து கேளுங்கள். நாம் செய்யத் தவறியது அதுவே.